பாராதைராய்டெக்டமி என்றால் என்ன?

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் மருத்துவக் குறிப்பில் இந்தச் சொல்லைப் பார்த்ததும், தைராய்டை எடுக்கப் போகிறார்கள் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. தைராய்டு அப்படியே இருக்கும்; எடுக்கப்படுபவை அதை ஒட்டியுள்ள பாராதைராய்டு என்ற சிறு சுரப்பிகள்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘பாரா’ பக்கத்தில், ‘தைரியோஸ்’ கேடயம், ‘எக்டொமே’ வெட்டி எடுத்தல். கேடயம் போன்றது என்பதால் தைராய்டு, அதை ஒட்டி இருப்பது பாராதைராய்டு. 1880-இல் ஸ்வீடன் நாட்டு இவார் சாண்ட்ஸ்ட்ரோம் மனித உடலில் இந்தச் சுரப்பிகளை விவரித்தபோது இவற்றின் வேலை தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் இருக்குமிடமே பெயராகிவிட்டது. வேலையில் இரண்டுக்கும் உறவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு இவை நான்கு. ஒவ்வொன்றும் அரிசி அளவுதான். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோனைச் சுரந்து அதை ஏற்றிவிடும். சிறுநீரகம் செயலிழக்கும்போது பாஸ்பேட் உடலில் தேங்குகிறது, வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவதும் குறைகிறது, கால்சியம் இறங்குகிறது. சுரப்பிகள் ஓயாமல் தூண்டப்பட்டுப் பெருக்கின்றன. எலும்பிலிருந்து கால்சியம் கரைகிறது. எலும்பு வலி, தாங்க முடியாத அரிப்பு, ரத்தக் குழாய்ச் சுவரில் கால்சியம் படிதல் எல்லாம் இதன் தொடர்ச்சி. கோளாறு தொடங்கிய இடம் சிறுநீரகம் என்பதால் இதை இரண்டாம் நிலை மிகைச்சுரப்பு என்கிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டுக்கும் மருந்துக்கும் அடங்காதபோதுதான் அறுவை சிகிச்சை.

‘எக்டமி’ என்ற ஒட்டு, அடியோடு எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தைத் தருகிறது. பெரும்பாலும் மூன்றரைச் சுரப்பிகளை எடுத்து அரையை விட்டுவைப்பார்கள். அல்லது நான்கையும் எடுத்து, ஒரு துண்டைச் சிறுசிறு துணுக்குகளாக்கி முன்கைத் தசைக்குள் பதித்துவிடுவார்கள். அங்கிருந்தே அது ஹார்மோன் சுரக்கும்.

தமிழில் ‘துணைத் தைராய்டு’ என்று எழுதினால் தைராய்டுக்கு உதவி செய்யும் சுரப்பி என்று பொருள் திரிந்துவிடும். ‘இணைக்கேடயச் சுரப்பி நீக்கம்’ மூலச்சொல்லுக்கு நெருக்கமானது, கட்டுரைக்குப் பொருந்தும். நோயாளியிடம் பேசும்போது ‘பாராதைராய்டு நீக்க அறுவை சிகிச்சை’ என்பதே என் தேர்வு. அறிக்கையில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு எளிது.

கூடவே தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சொல், ‘பசித்த எலும்பு’ நிலை. ஹார்மோன் சட்டென்று குறைந்ததும், இழந்த கால்சியத்தை எலும்புகள் ரத்தத்திலிருந்து வேகமாக இழுத்துக்கொள்ளும். அறுவைக்குப் பிறகு உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மதமதப்பு, தசை இழுப்பு தெரிந்தால் உடனே மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லிவிட வேண்டும்.