அர்பனைசேஷன்: நகரமாதலா, நகராக்கமா?

'அர்பனைசேஷன்' என்பதைத் தமிழில் நகரமயமாக்கல், நகரமயமாதல், நகராக்கம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் சொல் பிறந்த கதையைப் பார்த்தால் அப்படி விட முடியவில்லை.

லத்தீனில் 'ஊர்ப்ஸ்' என்றால் மதில், தெரு, கட்டடம் எனக் கண்ணுக்குத் தெரியும் நகரம். அங்கே வாழும் குடிமக்கள் திரளுக்கு 'கிவிடாஸ்' என்று வேறு சொல் இருந்தது. 'ஊர்ப்ஸ்' என்பதிலிருந்து வந்தவைதான் ஆங்கிலத்தின் அர்பன் (நகரம் சார்ந்த), சபர்ப் (புறநகர்) எல்லாம்.

இதை ஒரு செயலின் பெயராக்கிப் பரப்பியவர் இல்டெஃபோன்ஸ் செர்தா என்ற ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பார்சிலோனா பழைய மதிலுக்குள் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். காலரா வந்து வந்து போனது. 1854-இல் மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். வெளியே விரியப்போகும் நகருக்குச் செர்தா திட்டம் வரைந்தார். பெரும்பாலான தெருக்களுக்கு 20 மீட்டர் அகலம். ஒவ்வொரு சந்திப்பிலும் கட்டடங்களின் முனை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், வண்டி திரும்பவும் எதிரே வருவது தெரியவும். இந்த வேலைக்குப் பெயரில்லாததால் 1867-இல் வெளியிட்ட நூலில் 'ஊர்பனிசாசியோன்' என்ற சொல்லை முன்வைத்தார். அதன் முழக்கமே 'நகரத்தை ஊரகமாக்குங்கள், ஊரகத்தை நகரமாக்குங்கள்' என்பதுதான்.

கவனியுங்கள், 'ஆக்குங்கள்'. அவருக்கு அது யோசித்துச் செய்யும் வேலை. பின்னால் மக்கள்தொகை ஆய்வாளர்கள் கையில் அதே சொல், மொத்த மக்களில் நகரவாசிகளின் பங்கு கூடுவதைக் குறிக்கத் தொடங்கியது. அது தானாக நடப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நமக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. ஆதல் தன்வினை, ஆக்கல் பிறவினை.

நகரங்களின் தலைவலி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். புறநகரில் முதலில் மனைக்கல் நடுவார்கள், அப்புறம் வீடு, அப்புறம் சாலை, கடைசியில் வடிகால். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயரும். பழைய வீட்டு வாசல் தாழ்ந்துபோய் மழைநீர் கூடத்துக்குள் வரும். ஆதல் முந்திக்கொண்டது, ஆக்கல் பிந்திவிட்டது. அதே நெருக்கத்தில்தான் நகரத்தின் வாய்ப்பும் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் குழாய் பல நூறு வீடுகளுக்குத் தண்ணீர் தரும், பேருந்து காலியாக ஓடாது, வேலை தேடுபவருக்கு ஒரு கதவு மூடினால் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும்.

'நகர வளர்ச்சி' என்பது நகரமாதலிலிருந்து வேறு. நகரமும் கிராமமும் ஒரே வேகத்தில் பெருகினால் நகர வளர்ச்சி உண்டு, நகரமாதல் இல்லை. ஐ.நா.வின் 2018 கணிப்புப்படி உலக மக்களில் நகரவாசிகள் 1950-இல் 30 விழுக்காடு, 2018-இல் 55, 2050-இல் 68. ஆனால் எது நகரம் என்பதே நாட்டுக்கு நாடு மாறும்: டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தால் போதும், ஜப்பானில் 50,000 வேண்டும்.

சரி, எந்தச் சொல்? 'மயம்' வடமொழி ஒட்டு. நிறைந்திருப்பது என்று பொருள். நகரம் கூடுவதைச் சொல்ல அது தேவையில்லை என்பது என் எண்ணம். திட்டமிட்டுச் செய்வதற்கு, இலங்கைத் தமிழில் ஏற்கெனவே வழக்கில் உள்ள 'நகராக்கம்' அளவாக இருக்கிறது. தானாக நடப்பதற்கு 'நகரமாதல்'. இன்னும் சுருக்கி 'நகராதல்' என்று எழுதினால் நகராமல் நிற்பது என்று படித்துவிடுவார்கள். போக்குவரத்து நெரிசலுக்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.