தீர்ப்பு வந்துவிட்டது என்று அறிவித்தல் ஒட்டுவதற்கு முன்

போன கிழமை ஒரு பராமரிப்பு இல்லத்தின் உரிமையாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு ஏ4 தாள், நான்கு மூலையிலும் செலோடேப். ஊழியர் அறைச் சுவரில் தானே ஒட்டி, முறைப்பாடு வந்ததும் தானே உரித்துக்கொண்டு வந்த அறிவித்தல் அது. "உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி" என்று தடித்த எழுத்தில் தொடங்குகிறது. அங்கே மூன்று வருடமாக இரவு வேலை செய்யும் ஒரு திருநங்கையின் பழைய ஆண் பெயரைப் போட்டு, அவர் இனி எந்தக் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதையே படமெடுத்து ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறார். கீழே ஐந்து பேரின் சிரிப்புக் குறி.

"கோர்ட்டே சொல்லிப்போட்டுது தங்கச்சி. கோர்ட் சொன்னதைத்தானே நான் ஒட்டினனான்?"

2025 ஏப்ரலுக்குப் பிறகு இந்தக் கேள்வியோடு வந்தவர்களில் இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். (இங்கே சொல்லும் இருவரின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். சட்டத்தரணி என்ற முறையில் தொழில் இரகசியம் காப்பது என் கடமை.)

பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பு என்ன சொன்னது? 'ஃபோர் விமன் ஸ்கொட்லாந்து' என்ற பெண்கள் அமைப்பு ஸ்கொட்லாந்து அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கு. பொதுச் சபைகளில் பெண்களின் எண்ணிக்கையை உயர்த்த ஸ்கொட்லாந்து 2018இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்ற திருநங்கையையும் அந்தக் கணக்கில் பெண்ணாகச் சேர்க்கலாமா என்பதில்தான் பிணக்கு. 2025 ஏப்ரல் 16 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 'பெண்', 'ஆண்', 'பால்' என்ற சொற்கள் உயிரியல் பாலையே குறிக்கும், சான்றிதழ் அதை மாற்றாது. பெண்களுக்கென்று தனி இடம் வேண்டும் என்று கேட்டு வருடக்கணக்காக வசை வாங்கியவர்களுக்கு இது பெரிய வெற்றி. இருபது வருடமாகப் பெண்ணாக வாழ்ந்து சான்றிதழும் வைத்திருக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு கனமான நாளாக இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் தீர்ப்பிலிருந்து நம் ஆட்கள் எடுத்துக்கொண்ட செய்தி ஒன்றே ஒன்று: "திருநங்கைகளுக்கு இனிச் சட்டப் பாதுகாப்பு இல்லை." இது பிழை. மீண்டும் சொல்கிறேன், முழுப் பிழை.

சமத்துவச் சட்டம் ஒன்பது விடயங்களைப் பாதுகாக்கிறது. அதில் 'பால்' ஒன்று, 'பால்மாற்றம்' இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு பிரிவுகள். தீர்ப்பு விளக்கியது முதலாவதை. இரண்டாவது 7ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்தும் குறையவில்லை. அதற்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை, மருத்துவர் கடிதம் தேவையில்லை, சான்றிதழும் தேவையில்லை. மாற எண்ணி இருப்பவருக்கே பாதுகாப்பு உண்டு. இதைத் தீர்ப்பே விரிவாகச் சொல்கிறது. தீர்ப்பின் சுருக்கத்தை வாசித்த ஹொட்ஜ் பிரபு, ஒரு தரப்பு மற்றத் தரப்பை வென்றதாக இதை எடுக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நம் தொலைபேசிகளில் சுற்றும் இரண்டு நிமிட வீடியோக்களில் அந்த வரிகள் மட்டும் இல்லை.

இன்னும் ஒன்று. ஒரு திருநங்கையைப் பெண் என்று நினைத்து, பெண் என்பதற்காக நீங்கள் குறைவாக நடத்தினால், அவர் 'பால்' என்ற பிரிவின் கீழும் வழக்குப் போடலாம். அதுவும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

ஆகவே அந்த அறிவித்தல் துன்புறுத்தல். "பகிடிக்குப் போட்டனாங்கள்" என்பது தீர்ப்பாயத்தில் எடுபடாது. நோக்கம் இருந்ததா என்று மட்டும் சட்டம் பார்ப்பதில்லை, விளைவையும் பார்க்கும். சிரிப்புக் குறி போட்ட ஐந்து ஊழியர்களுக்கும் முதலாளிதான் பதில் சொல்லவேண்டிவரும். பாகுபாட்டு வழக்குகளில் நட்டஈட்டுக்கு உச்ச வரம்பு கிடையாது. 2020இல் ஜாகுவார் லேண்ட் ரோவர் தன் பொறியியலாளர் ஒருவருக்கு 180,000 பவுண் கொடுக்கவேண்டி வந்தது. சக ஊழியர்களின் கேலியை நிர்வாகம் கண்டும் காணாமல் இருந்த வழக்கு அது.

நான் மிகவும் நொந்தது எதற்கென்றால், அவருடைய இல்லத்தில் இருப்பவை மூன்று தனித்தனிக் கழிப்பறைகள். ஒவ்வொன்றும் உள்ளிருந்து பூட்டக்கூடிய தனி அறை, கைகழுவும் தொட்டியும் உள்ளேயே. 1992ஆம் ஆண்டின் வேலைத்தல விதிகள் அப்படிப்பட்ட அறைகளை ஆண் பெண் என்று பிரிக்கவே சொல்லவில்லை. அங்கே ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை.

இனி மறுபக்கம். அதையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவளாவேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு அக்கா வந்தார். மருத்துவமனை ஒன்றில் உதவியாளர். பொது உடைமாற்றும் அறையில் ஆண் உடலோடு இருக்கும் ஒருவர் முன் உடுப்பு மாற்றத் தனக்குக் கூச்சமாக இருக்கிறது, வேறு அறை தரமுடியுமா என்று முகாமையாளரைக் கேட்டிருக்கிறார். யாரையும் பெயர் சொல்லவில்லை, குரல் உயர்த்தவில்லை. அந்தக் கேள்வியே வெறுப்பு என்று எழுதி அவருடைய கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் வைத்துவிட்டார்கள். கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். எட்டாக மடித்து, மடிப்புகள் கிழிந்துபோயிருந்தன. வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். விசாவைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். என்னிடம் வந்தபோது ஐந்தாவது மாதம்.

அவருக்கும் சட்டம் இருந்தது. மாயா ஃபோர்ஸ்டேட்டர் என்ற ஆய்வாளருடைய ஒப்பந்தம், பாலை மாற்றமுடியாது என்று அவர் எழுதியதைத் தொடர்ந்து 2019இல் புதுப்பிக்கப்படவில்லை. ஜனநாயக சமூகத்தில் மதிக்கத்தகாத நம்பிக்கை இது என்று அந்த வருடம் தொழில் தீர்ப்பாயம் சொன்னது. 2021 ஜூனில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைப் புரட்டிப்போட்டது: அந்த நம்பிக்கையும் சமத்துவச் சட்டத்தின் 10ஆம் பிரிவால் பாதுகாக்கப்பட்டதே. கடைசியில் அவருக்கு ஒரு லட்சம் பவுணுக்கு மேல் கிடைத்தது. பாடசாலை ஊழியர் கிறிஸ்டி ஹிக்ஸ், பாடசாலைகளில் பால்நிலை பற்றிக் கற்பிப்பதற்கு எதிராக முகநூலில் பகிர்ந்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். அந்த நீக்கம் அளவுக்கு மீறியது என்று 2025 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

இதைக் கேட்டதும் "அப்படியென்றால் நான் எதுவும் சொல்லலாம்" என்று எழும்பவேண்டாம். டேவிட் மக்கரெத் என்ற மருத்துவர், தன்னிடம் வரும் திருநர்களை அவர்கள் விரும்பும் விதத்தில் அழைக்கமாட்டேன் என்றார். அவருடைய நம்பிக்கையும் பாதுகாக்கப்பட்டதே என்று 2022இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றது, வழக்கில் அவர் தோற்றார். என்ன நினைக்கிறீர்கள், பொதுவில் என்ன வாதாடுகிறீர்கள் என்பதற்குச் சட்டம் நிறைய இடம் விடுகிறது. உங்களோடு ஒரே ஷிப்டில் நிற்கும் மனிதரை என்ன செய்கிறீர்கள் என்பதை அது வேறு தராசில் நிறுக்கிறது.

முதலாளிமார், முகாமையாளர்மார் கவனத்துக்கு: சுவரில் எதுவும் ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஊழியரின் உடல் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், யாராவது போட்டால் அன்றைக்கே அழைத்துக் கண்டியுங்கள். ஒருவரிடம் சான்றிதழ் இருக்கிறது என்பது முதலாளி என்ற முறையில் உங்களுக்குத் தெரியவந்து, அதை இன்னொருவரிடம் சொன்னால், அது 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி குற்றம். பூட்டக்கூடிய தனி அறை ஒன்றை ஒழுங்குசெய்ய ஆகும் செலவு, எங்களைப் போன்ற சட்டத்தரணிகளுக்குக் கொடுக்கும் முதல் மாதக் கட்டணத்தைவிடக் குறைவு. பொது உடைமாற்றும் அறைதான் இருக்கிறதென்றால் அது உண்மையிலேயே சிக்கலான விடயம், வழக்குகள் இன்னும் ஓடுகின்றன. ஆலோசனை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரு பெண் வந்து தனி இடம் கேட்டால் அவளைக் குற்றவாளியாக்காமல், இருத்திக் கேளுங்கள்.

வேலை செய்பவர்களே, நீங்கள் திருநங்கையாக இருந்தாலும் சரி, அந்த அக்காவைப் போன்றவராக இருந்தாலும் சரி, நடந்ததை அன்றைக்கே திகதி போட்டு எழுதிவையுங்கள். கடிதத்தையும் திரையையும் படமெடுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான அவகாசத்தை மூன்று மாதம் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு நாள் குறைவு. அதற்குள், வேலைத்தலப் பிணக்குகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) அமைப்புக்கு அறிவித்தாகவேண்டும். தயவுசெய்து பயத்தில் அந்த நாட்களைக் கரைத்துவிடாதீர்கள். பிந்திப்போனால் நீதிபதி விரும்பினால் நீட்டலாம், விரும்பாமலும் விடலாம். அந்த அக்காவின் விண்ணப்பத்தில் ஏன் பிந்தியது என்று விளக்கவே நான்கு பக்கம் எழுதினேன். விசாரணை அடுத்த மாதம்.