தீப்பொறிக்கு இடமில்லாத பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியின் அருகே டீசல் வண்டிகளை மட்டும் ஓட்டுகிறார்களே, பெட்ரோல் புகை கருவிகளைக் கெடுத்துவிடுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். புகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. காரணம், ஸ்பார்க் பிளக்.

ரேடியோ தொலைநோக்கி என்பது பெரிய ஆன்டெனா. விண்பொருள்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் குவித்து, பெருக்கி, பதிவு செய்கிறது. அந்த அலைகள் எவ்வளவு பலவீனமானவை என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு வாட் சக்தியுள்ள கைபேசியை நிலவில் வைத்து இயக்கினால், அதன் அலைவரிசையில் வானத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்றாக அது தெரியும். வானியலாளர்கள் வழக்கமாகத் தேடுவதோ அதில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சைகைகளை.

இனி ஸ்பார்க் பிளக்குக்கு வருவோம். அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அங்கே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஏறும்போது, தற்செயலாகத் திரியும் ஓரிரு எலக்ட்ரான்கள் வேகமெடுத்து மூலக்கூறுகளின் மீது மோதி மேலும் எலக்ட்ரான்களைப் பிடுங்குகின்றன. அவையும் போய் மோதுகின்றன. சில நானோ விநாடிகளில், அதுவரை மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருந்த வாயு கடத்தியாகிவிடுகிறது. மின்னோட்டம் சட்டென்று பாய்கிறது. மின்னூட்டத்தின் வேகம் மாறினால் மின்காந்த அலை பிறக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் முதன்முதலில் ரேடியோ அலைகளை உண்டாக்கியதும் இத்தகைய தீப்பொறியால்தான்.

அந்த அலை எந்த அதிர்வெண்ணில் பிறக்கிறது? ஏறத்தாழ எல்லா அதிர்வெண்களிலும்! புல்லாங்குழலில் நீட்டி ஊதும் ஸ்வரத்துக்கு ஒரு சுருதி உண்டு. கை தட்டும் ஓசைக்குச் சுருதி சொல்ல முடியாது, ஏனெனில் அதில் எல்லாச் சுருதிகளும் கலந்திருக்கின்றன. நேரத்தில் ஒடுங்கிய எந்தத் துடிப்பும் அதிர்வெண்ணில் அகன்றே தீர வேண்டும் என்பது கணிதத்தின் கட்டளை. நானோ விநாடிகளில் எழும் மின்னோட்டம், பல நூறு மெகாஹெர்ட்ஸ் வரை கை நீட்டுகிறது. பிளக்குக்குப் போகும் கம்பியே ஆன்டெனாவாகிவிடுகிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்த கணக்கு ஒன்று உண்டு. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில், சுழல்தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தீப்பொறிகள். நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 900 சுற்றில் உறுமும் வண்டி, விநாடிக்கு 30 தீப்பொறிகளை வீசுகிறது. நண்டு நெபுலா என்ற விண்மேகத்தின் நடுவே இருக்கும் பல்சாரும், அதாவது சுழன்றபடி ரேடியோ துடிப்புகளை அனுப்பும் இறந்த விண்மீனும், விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்கிறது. அந்தப் பல்சாரை 1968-ல் முதலில் கண்டது கிரீன் பேங்கில்தான். அதே தாளத்தில் துடிக்கும் இரண்டில் எது வண்டி, எது விண்மீன் என்று பிரித்தறிய இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. விண்மீன்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் எலக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண் அலைகளைச் சற்றுத் தாமதப்படுத்துகின்றன. ஆகவே பல்சாரின் ஒவ்வொரு துடிப்பிலும் உயர் அதிர்வெண் முன்னால் வருகிறது, தாழ்ந்தது பின்னால் வருகிறது. அந்தத் தாமதத்தின் அளவைக் கொண்டு தொலைவையே மதிப்பிட முடியும். வாசலில் நிற்கும் வண்டியின் தீப்பொறியிலோ எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. அசலைக் கண்டுபிடித்துவிடலாம்தான், ஆனால் பக்கத்தில் பொறி பறக்கும்போது, பலவீனமான அசல் கூச்சலில் மூழ்கிவிடும்.

டீசல் இன்ஜினில் இந்தத் தொல்லை இல்லை. அது காற்றை அழுத்தியே சூடாக்குகிறது. தெளிக்கப்படும் எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்கிறது. மின்னணுக் கருவிகள் மலிந்த புதிய டீசல் வண்டிகளைவிடப் பழையவையே இங்கு உகந்தவை.

சரி, தொலைநோக்கியை ஏன் அங்கே வைத்தார்கள்? கிரீன் பேங்க் இருப்பது போகஹாண்டஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது). 1900-ஐ ஒட்டி ரயில் பாதை வந்ததும், காஸ் என்ற ஊரில் காகித நிறுவனம் ஒன்று மரத்தொழிலைத் தொடங்கியது. மலைகளின் ரெட் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகள் காகிதக் கூழாயின. 1920-ல் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 15,000. காடு தீர்ந்தது, மக்களும் வெளியேறினர். 1960-ல் காஸ் மர ஆலை மூடப்பட்டது. 2020 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 7,869 பேர்.

பிழைப்புக்கு வழியில்லாமல் ஆள் குறைந்த அதே நிலைமை, வானியலாளர்களுக்கு வரமானது. நாற்புறமும் மலை, தொழிற்சாலைகள் குறைவு, தலைநகர் வாஷிங்டனுக்கு எட்டும் தூரம். அலைநீளம் குறையக் குறைய ரேடியோ அலை மலையை வளைத்து வருவது கடினமாகும், பள்ளத்தாக்கில் நிழல் ஆழமாகும். 1956-ல் மேற்கு வர்ஜீனியா சட்டமியற்றியது: ஆய்வகத்திலிருந்து பத்து மைல் தொலைவுக்குள் இடையூறு செய்யும் மின்கருவியை இயக்கினால் நாளொன்றுக்கு 50 டாலர் அபராதம். 1958-ல் மத்திய அரசு சுமார் 34,000 சதுர கிலோமீட்டரை ரேடியோ அமைதி மண்டலமாக அறிவித்தது. 1960-ல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் இங்கிருந்துதான் டாவ் செட்டி, எப்சிலான் எரிடானி விண்மீன்களை நோக்கி, வேற்றுலக அறிவுயிர்களின் சைகைக்காகக் காத்திருந்தார். 1988 நவம்பரில் 300 அடி தொலைநோக்கி ஒரே இரவில் சரிந்து விழ, அதன் வாரிசாக 2000-ல் எழுந்ததுதான் இன்றைய 100 மீட்டர் தொலைநோக்கி.

இந்த அமைதிக்கு விலை கொடுப்பவர்கள் உள்ளூர் மக்கள். கைபேசிக் கோபுரமும் வைஃபையும் அங்கே நெடுங்காலம் எளிதில் கிடைத்ததில்லை. அவசர சேவைகளின் வயர்லெஸ் கூடக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அப்படியிருக்க, 2012-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆய்வுக் குழு, செலவைக் குறைக்க இந்தத் தொலைநோக்கியைக் கைவிடலாம் என்று பரிந்துரைத்தது. ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக ஒரு மக்கள்கூட்டம் தன் வசதியைத் தியாகம் செய்து காத்த அமைதியைக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியாகப் பார்த்த அந்தப் பரிந்துரை எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. தொலைநோக்கியை வேறிடத்தில் கட்டிவிடலாம். இப்படியொரு பள்ளத்தாக்கை எங்கே போய்க் கட்டுவது?

இன்னொரு கூட்டமும் இங்கே குடியேறியிருக்கிறது: கைபேசி அலைகளால் உடல்நலம் கெடுவதாக நம்புகிறவர்கள். அவர்களின் தலைவலியும் தூக்கமின்மையும் உண்மையானவை. ஆனால் அலை இருக்கிறதா இல்லையா என்பதை மறைத்து நடத்திய சோதனைகளில், அதை அவர்களால் கண்டுகொள்ள முடியவில்லை. இந்த அறிகுறிகளை மின்காந்தப் புலத்தோடு இணைக்க அறிவியல் அடிப்படை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே கூறிவிட்டது. அச்சத்தை விற்று, அலை தடுக்கும் தாயத்துகளைக் காசாக்குகிறவர்கள்மீதுதான் என் கோபம்.

மலைகளால் தடுக்க முடியாத ஒன்றும் இப்போது வந்திருக்கிறது. அமைதி மண்டல விதிகள் தரையில் நிலையாக நிற்கும் ஒலிபரப்பிகளுக்கானவை. இணையச் சேவை தரும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களோ தலைக்கு மேலே பறக்கின்றன. தொலைநோக்கி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை உடனுக்குடன் செயற்கைக்கோள் நிறுவனத்துக்குத் தெரிவித்து, அந்த நேரத்தில் செயற்கைக்கோளின் அலைகளை வேறு பக்கம் திருப்பச் செய்யும் முறையை வானியலாளர்கள் உருவாக்கி வருகிறார்கள். மேற்கு வர்ஜீனியாவின் 50 டாலர் அபராதம் விண்வெளிக்குச் செல்லாது. இந்த ஏற்பாட்டை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கப் பன்னாட்டு விதி தேவை.