ஒரே காலையில் இரண்டு பருவம்: ஏற்காடு மலைப்பாதையில் சைக்கிள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிப்பவர்கள் ஏற்றத்துக்குத்தான் உடம்பைத் தயார் செய்கிறார்கள். மூச்சு, தொடை, கியர் என்று கவனமெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலேயே நிற்கிறது. விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை தரும் எங்களிடம் வரும் பிரச்சினைகளோ பலவும் இறங்கும்போதும், இறங்கி வீடு திரும்பும்போதும் வந்தவை.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். கீழே 36 டிகிரி கொளுத்தும்போது ஏற்காடு ஏரிக்கரையில் 28தான் இருக்கும். முப்பது கிலோமீட்டருக்குள் ஒரு பருவத்தைவிட்டு இன்னொரு பருவத்துக்குப் போய்த் திரும்புகிறோம்.

மாசிக் கடைசி முதல் வைகாசி வரை நடப்பதைப் பாருங்கள். விடியற்காலையில் சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பி, எட்டரைக்கு மேலே சேர்ந்து, டிபன், போட்டோ என்று பத்தரை ஆகிவிடும். இறக்கத்தில் காற்று முகத்தில் அடிப்பதால் வெயில் உறைக்காது. வியர்வை உடனுக்குடன் காய்வதால் எவ்வளவு நீர் போகிறது என்றும் தெரியாது. அடிவாரத்தைத் தொட்டதும் அந்தக் காற்று நின்றுவிடும். அங்கிருந்து கோரிமேடு வழியாக ஊருக்குள் வரும் சமதளம்தான் ஆளைச் சாய்க்கிறது. பாட்டிலும் அதற்குள் காலியாகியிருக்கும்.

ஆகவே ஒன்பது மணிக்குள் அடிவாரம் வந்துவிட வேண்டும் என்று வைத்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். மேலே இரண்டு பாட்டிலையும் நிரப்பி, ஒன்றை அடிவாரம் வரை தொடாதீர்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு, ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போதும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. கடையில் வாங்கும் ஓஆர்எஸ் என்றால் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைப் படியுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை 750 மில்லி பாட்டிலில் கொட்டுவதை அடிக்கடி பார்க்கிறோம். கரைசல் கெட்டியானால் வயிறு அதை ஏற்காது. கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் போயிருக்கிறது. அடுத்த வாரம் கூடுதலாகக் குடிக்க அதுதான் அளவு.

கூட வருபவர் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தாலோ அதை வெறும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. வேர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரும். நிழலில் படுக்க வைத்து, கையிலிருக்கும் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

கோடை மழையின் முதல் கால் மணி நேரம் மோசம். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் நனைந்து சாலை வழுக்கும், வெள்ளைக் கோடு அதைவிட வழுக்கும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கில் ஈரம் படிந்திருந்தால் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிப்பே இருக்காது. வளைவுக்கு முன்பே பிரேக் லிவரை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சாலையிலோ சிக்கல் வேறு. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். நேர்ப்பாதையில் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, வளைவில் திரும்புங்கள். ஏறும் வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை விதி. பேருந்து வெளிப்பக்கம் ஒதுங்கித் திரும்பும்போது உள்ளே இடம் இருப்பதுபோலத் தோன்றும், நுழையாதீர்கள். அதன் பின்சக்கரம் அந்த இடத்தைத்தான் உரசிக்கொண்டு வரும்.

ஆடிக் காற்றுக்கு, வளைவு முடிந்து திறந்த பக்கம் வரும்போது கைப்பிடியைத் தளர விடாமல் இருந்தால் போதும்.

மார்கழியில் குளிரைவிட ஈரம்தான் எதிரி. ஏறும்போது வேர்த்த பனியன் மேலே பனிமூட்டத்தில் காயாது. அதோடு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் ஐந்தாறு வளைவுக்குள் விரல் மரத்துப்போகும். லிவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே கைக்குத் தெரியாது. பாலித்தீன் பையில் ஒரு காய்ந்த பனியன் எடுத்துப் போங்கள். டீக்கடைக்குப் போகும் முன்பே மாற்றுங்கள், டீ ஐந்து நிமிடம் காத்திருக்கும். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் இல்லையென்றால் செய்தித்தாளை இரண்டாக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாம், நன்றாகவே தடுக்கும். விரல் முழுவதும் மூடும் கையுறை கட்டாயம்.

இத்தனையும் பார்த்துக்கொண்டால் இந்த மலை ஆண்டு முழுவதும் நமக்குத்தான். கார்த்திகை, மார்கழியில் தோட்டங்களில் காபிப் பழம் சிவந்திருக்கும். பூவைப் பார்க்க ஆசையென்றால் மார்ச், ஏப்ரலில் முதல் நல்ல மழை பெய்த நாளைக் குறித்துக்கொண்டு ஒன்பது, பத்து நாளில் போங்கள். செடி முழுக்க வெள்ளையாக, மல்லிகை வாசத்தோடு இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். உடம்பு வெயிலுக்குப் பழக பத்துப் பதினாலு நாள் பிடிக்கும். பூக்கும் வாரத்தில் அது இன்னும் பழகியிருக்காது. அதனால் அன்றைக்கு எத்தனை நிமிடத்தில் ஏறினோம் என்று கணக்குப் பார்க்காமல், ஒரு கியர் இறக்கி மெதுவாகவே போங்கள்.