வரிச்சுமை: ஒரு சொல்லும் அது மறைக்கும் இன்னொரு சுமையும்

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில், சாலையோரத்தில் ஓர் ஒட்டுக்கடை. பக்கத்து மேசையில் ஒருவர் நாளிதழை விரித்து வாய்விட்டுப் படித்தார்: ‘மக்களின் வரிச்சுமை கூடும்.’ எதிரில் தே தாரிக் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த இளைஞர் உடனே, “ஏற்கெனவே முதுகு உடையுது, இன்னுமா அண்ணே?” என்றார். எந்த வரி, எவ்வளவு, யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ‘சுமை’ என்று சொன்ன உடனேயே முதுகு வளைந்துவிட்டது.

வரிச்சுமை என்பது ஒருவர் அல்லது ஒரு நாட்டு மக்கள் தாங்கும் மொத்த வரியின் அளவு. செய்தித்தாளிலும் வரவு செலவுத் திட்ட உரையிலும் இந்தப் பொருளில்தான் வருகிறது. ‘டாக்ஸ் பர்டன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல் இது. மலாய்க்காரர்களும் ‘பெபான் சுக்காய்’ என்று அதே மூட்டையைத்தான் தூக்குகிறார்கள்.

இதன் முதல் பாதி, வரி. இதற்குக் கோடு என்றும் பொருள் உண்டு. புலியின் உடலில் இருப்பது வரி, ஏட்டில் எழுதுவது வரி. ‘வரிதல்’ என்றால் எழுதுதல், இறுக்கிக் கட்டுதல் என்றும் பழைய பொருள். கூரைக்குக் குறுக்கே கட்டும் குச்சிக்கு வரிச்சு என்று பெயர். அரசுக்குச் செலுத்தும் வரி கணக்கேட்டுக் கோட்டிலிருந்து வந்ததா, கட்டுவதிலிருந்து வந்ததா என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆனால் நாம் இன்றும் வரியைக் ‘கட்டுகிறோம்’, மூட்டையையும் கட்டுகிறோம் என்பது வேடிக்கைதான்.

சுமைக்கு அதிக விளக்கம் வேண்டாம். சுமப்பது சுமை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் இருக்கும். தலைச்சுமையோடு நடப்பவர் யாரையும் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சாமல், தானே இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது வழக்கம். பொதுச்சேவை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கல்தான்.

சரி, வரிக்குப் பழந்தமிழில் வேறு பெயர்கள் இல்லையா? நிறைய உண்டு. துறைமுகத்தில் வாங்கியது உல்கு, பிறகு சுங்கம். தோற்ற அரசன் கொடுத்தது திறை. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் நிலவரிக்குக் ‘கடமை’ என்று பெயர். குடிகள் செலுத்த வேண்டியவற்றில் ஒன்றுக்குக் ‘குடிமை’ என்று பெயர். கடமை இன்று செய்தே தீர வேண்டிய வேலையைக் குறிக்கிறது. குடிமை இன்னும் தூரம் நடந்துவிட்டது: குடிமைப் பணி, குடிமை உரிமை என்று அரசு நமக்குச் செய்ய வேண்டியதன் பக்கம் போய் நிற்கிறது. அன்று கொடுப்பதும் இன்று பெறுவதுமாக ஒரே சொல்லுக்கு இரண்டு முனைகள். அந்த வரிசையில் வென்று நிலைத்த ‘வரி’க்கு மட்டும் அப்படி ஒரு மறுமுனை கிடைக்கவில்லை.

இவற்றில் எனக்குப் பிடித்தது ‘இறை’. அரசன், கடவுள், வரி ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். திருக்குறளின் நாடு அதிகாரத்தில் வருகிறது:

பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி இறைவற்கு
இறையொருங்கு நேர்வது நாடு.

பொறை என்றால் பாரம், சுமை. ஆக, சுமையும் வரியும் ஒரே குறளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் இங்கே வரி சுமை இல்லை. பிற நாடுகள் தாங்கிய பாரமெல்லாம் ஒன்றாகத் தன்மேல் வரும்போது அதைத் தாங்குவது என்று பரிமேலழகர் பொருள் சொல்கிறார். பிழைக்க வந்து சேரும் கூட்டம்தான் அந்தப் பாரம். அதையும் தாங்கிக்கொண்டு, அரசனுக்கு உரிய இறையையும் குறையில்லாமல் கொடுப்பது நாடு. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்தக் குறள் கொஞ்சம் கூடவே உறைக்க வேண்டும்.

பினாங்கு தொடங்கியதே வரி இல்லை என்ற விளம்பரத்தோடுதான். 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபோது, சுங்கம் இல்லாத் துறைமுகம் என்று சொல்லித்தான் வணிகர்களை இழுத்தார். பிறகு ஆட்சிச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? குத்தகை. அபின் விற்கும் உரிமை, சாராயம் விற்கும் உரிமை, சூதாட்டம் நடத்தும் உரிமை ஆகியவற்றை ஏலம் விட்டார்கள். எடுத்தவர் அரசுக்குப் பணம் கட்டிவிட்டு, மூட்டை தூக்கிய கூலிகளின் பையிலிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வணிகனுக்கு வரி இல்லை, அபின் குழாய் பிடித்தவனுக்கு உண்டு. அதற்கு மட்டும் வரி என்ற பெயர் கிடையாது. வருமான வரி இந்த நாட்டில் நிரந்தரமாக நடைமுறைக்கு வந்தது 1948இல்தான்.

இப்போது என் அக்காள் மகன் கதைக்கு வருகிறேன். டென்மார்க்கில் வேலை செய்கிறான். அங்கே பொருள் வாங்கினால் 25 விழுக்காடு வரி. கார் வாங்கினால் பதிவு வரி காரின் விலையையே தாண்டிவிடலாம். “மாமா, சம்பளத்துல பாதிக்குக் கிட்ட போயிடுது. ஆனா பிள்ளைக்குக் காய்ச்சல்னா பர்ஸைத் தொட வேண்டியதில்ல” என்கிறான். பல்கலைக்கழகத்துக்கும் கட்டணம் இல்லை. படிக்கிற பிள்ளைக்கு அரசே மாதப்பணம் கொடுக்கிறது. அவர்கள் மொழியில் வரிக்குச் ‘ஸ்காத்’ என்று பெயராம். அதே சொல்லுக்குப் புதையல், செல்லம் என்றும் பொருள். மனைவியை அப்படிக் கூப்பிடுவார்கள். நான் வரி வாரியத்தின் கடிதத்தை ஒருமுறைகூடச் செல்லமே என்று பிரித்ததில்லை.

நம் பக்கம் எண்களைப் பார்த்தால், 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டோடு வந்த பொருள் சேவை வரி 2018 ஜூனில் சுழியமானது. அதே ஆண்டு செப்டம்பரில் விற்பனை சேவை வரி திரும்பி வந்தது. 2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடானது, சாப்பாடு, தொலைத்தொடர்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் 6தான். நாட்டின் மொத்த உற்பத்தியில் அரசு திரட்டும் வரி டென்மார்க்கில் 40 விழுக்காட்டுக்கு மேல், இங்கே ஏறக்குறைய 12, 13. அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. இதை மலிவு என்று சொல்லாதவர் உலகத்தில் இருக்க முடியாது.

ஆனால் வரிசை நீளம். அதனால் கையில் இருப்பவர் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். பஸ் நேரத்துக்கு வராது என்று வீட்டுக்கு இரண்டு கார், பிள்ளைக்கு டியூஷன், நெடுஞ்சாலையில் டோல். எங்கள் தெரு லோங்காங் (அதாவது சாக்கடை) மூன்று மாதம் அடைத்துக் கிடந்தது. சுக்காய் பிந்து (அதாவது கதவு வரி, நம் ஊர் வீட்டு வரி) ஆண்டுக்கு இரண்டு தடவை தவறாமல் கட்டுகிறோம். புகார் கொடுத்தோம், யாரும் வரவில்லை. கடைசியில் வீட்டுக்கு 50 வெள்ளி போட்டு ஆள் பிடித்துச் சுத்தம் செய்தோம். அந்த 50 வெள்ளி எந்த வரிக் கணக்கிலும் வராது.

அதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: கைக்காசு. ‘கைக்காசு போட்டுச் செஞ்சேன்’ என்று சொல்லாத நாளில்லை. வரிச்சுமைக்குத் தலைப்புச் செய்தி உண்டு, கைக்காசுக்கு இல்லை. வரி குறைந்த நாட்டில் சுமையும் குறைவு என்று நாம் நம்புவதற்கு இந்தச் சொற்கணக்கும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். அதற்காக வரியை ஏற்றிவிட்டால் லோங்காங் தானாகத் திறந்துகொள்ளும் என்றும் நான் நம்பவில்லை. என் மருமகன் பாதியைக் கொடுக்கச் சம்மதிப்பது, கொடுத்தது திரும்பி வருவதைக் கண்ணால் பார்ப்பதால்தான்.

எனவே பயன்பாடு. பொருளியல் கணக்காக வெறும் அளவைச் சொல்லும் இடத்தில் ‘வரிப் பங்கு’ என்று எழுதலாம்: ‘நாட்டு உற்பத்தியில் வரிப் பங்கு 12 விழுக்காடு.’ வருமானத்துக்கு மீறி உண்மையிலேயே நசுக்கும் இடத்துக்கு வரிச்சுமையை ஒதுக்கி வைக்கலாம். அபின் குத்தகைக்கு அது பொருந்தும். ‘வாழ்க்கைத் தரம்’ என்று கூடவே எழுத நேர்ந்தால் ஒரு துணுக்கு: தரம் என்பதும் பழைய வரிக் கணக்கில் இருந்த சொல்தான். நிலத்தை அதன் வளம் பார்த்துத் தரம் பிரித்து, அதற்கேற்ப வரி போட்டார்கள்.

அந்த நாளிதழ் ‘வரிப் பங்கு கூடும்’ என்று அச்சடித்திருந்தால், ஒட்டுக்கடைத் தம்பி முதுகைத் தடவியிருக்க மாட்டார். “பங்குன்னா, நம்ம பங்குக்கு என்ன வரும் அண்ணே?” என்று கேட்டிருப்பார்.