‘கோபத்துடன் கூறினாள்’ என்று எழுதும் முன்

அச்சுக்குப் போகும் முன் சிறுகதைகளைச் செம்மைப்படுத்தித் தருவது என் தொழில். அண்மையில் கைக்கு வந்த ஒரு கதையில், கணவனோடு மனத்தாங்கலில் இருக்கும் மனைவி, “உங்கள் மேல் எனக்கு மிகவும் கோபமாக இருக்கிறது” என்று கோபத்துடன் கூறுகிறாள். ஒரே வரியில் கோபம் இரண்டு முறை வந்தும் ஒருமுறைகூட உறைக்கவில்லை. உங்கள் வீட்டில் இந்தக் கோபம் எப்படி வெளிப்படும் என்று எழுதியவரிடமே கேட்டேன். அம்மா அப்பாவிடம் நேரில் பேசவே மாட்டார், என்னைக் கூப்பிட்டுத்தான் சொல்வார் என்றார். வரி மாறியது: கணவன் அதே கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்க, அவள் மகளிடம், “உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்கிறாள்.

யார் யாரை எப்படி விளிக்கிறார் என்பதே தமிழில் பாதி உரையாடல். ஒருவரைப் பன்மையில் சுட்டுவது வழக்கினால் வந்த உயர்சொல்லே தவிர இலக்கண நெறி அன்று எனத் தொல்காப்பியம் கிளவியாக்கம் என்னும் இயலிலேயே பிரித்துக் காட்டுகிறது; அந்த வழக்குதான் கதாசிரியரின் மூலதனம். இருபது ஆண்டுகள் ‘நீ’ என்று பேசிய நண்பன், கடன் கேட்டு வந்த அன்று ‘நீங்க’ என்று தொடங்கினால், அவன் கூச்சத்தை விளக்க ஒரு பத்தி எதற்கு?

இதில் ஊர்தோறும் கணக்கு வேறு. யாழ்ப்பாணத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நடுவே ‘நீர்’ உண்டு. அதை அறியாமல் அவ்வூர்ப் பாத்திரத்தைப் பேசவைத்தால், ‘கதைக்கிறம்’ என்று எத்தனை முறை எழுதினாலும் அது ஒப்பனையாகவே நிற்கும். கொங்கு நாட்டுப் பேரன் தாயைப் பெற்றவரை ‘அப்புச்சி’ என்றும் தந்தையைப் பெற்றவரை ‘அப்பாரு’ என்றும் அழைப்பதுண்டு. இருவரையும் ‘தாத்தா’வாக்கிவிட்டு வினைச்சொற்களை மட்டும் கொச்சையாக எழுதுவது வட்டார வழக்கு ஆகாது. (எழுத்தைச் சிதைத்தாலே மண்வாசனை வந்துவிடும் என்ற நம்பிக்கை எப்படியோ பரவியிருக்கிறது.)

ஆகவே கதையை முடித்தபின் ஒருமுறை விளிச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு வாசிக்கும்படி சொல்வேன். எந்த இடத்தில் மாறுகின்றன, மாறக் காரணம் காட்சிக்குள் இருக்கிறதா, அல்லது எழுதியவரின் கைமறதியா என்பது அப்போது தெரிந்துவிடும்.

மேற்சொன்ன கதையின் இறுதியில் கணவன்–மனைவி சமாதானமானதை விளக்கப் பதினோரு வரிகள் இருந்தன. எழுதியவர் அவற்றை எடுத்துவிட்டு, பரிமாறிக்கொண்டே அவள் கேட்கும் ஒரு கேள்வியை மட்டும் விட்டுவைத்தார்: “ஏங்க, உப்பு சரியா இருக்கா?”