“நீங்க ரஷ்யா பக்கமா தம்பி?”

வைரலாகும் வீடியோவும் படமும் நிஜமா, போலியா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அந்த வார இறுதியில் அலுவலகத்துக்கு ஒரு போன். எங்கள் சரிபார்ப்புகளை விடாமல் படிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: “நீங்க ரஷ்யா பக்கமா தம்பி?”

விஷயம் இதுதான். மிக்-29 விமானத்தில் தனியாளாகப் பறந்து, முதல் நாளிலேயே ஆறு ரஷ்ய விமானங்களை வீழ்த்திய ‘கீவின் பேய்’ (கீவ், உக்ரைனின் தலைநகரம்) என்று ஒரு விமானியைப் பற்றிய வீடியோ அப்போது எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போலி என்று எழுதியிருந்தோம். கண்டுபிடிக்கப் பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. வீடியோவிலிருந்து சில ஃப்ரேம்களை எடுத்துத் தேடினால், பிப்ரவரி 25 அன்று யூடியூபில் ஏற்றிய மூலம் கிடைத்துவிடும். இது டிசிஎஸ் என்ற விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் கேமில் உருவாக்கியது, அந்த விமானிக்கு மரியாதையாகச் செய்தது என்று ஏற்றியவரே கீழே எழுதி வைத்திருந்தார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. வீடியோ கைமாறும்போது அந்த வரி மட்டும் உதிர்ந்துபோனது.

பெரியவரின் வாதம் வேறு. “சின்ன நாடு, அடி வாங்கிட்டு நிக்குது. இப்படி ஒரு கதை இருந்தா அவங்களுக்குத் தெம்பா இருக்கும்ல? அதையும் ஏன் கெடுக்கிறீங்க?” (உக்ரைன் சின்ன நாடு அல்ல. முழுக்க ஐரோப்பாவுக்குள் அடங்கும் நாடுகளில் பரப்பளவில் அதுதான் பெரியது. ஆனால் அதைச் சொல்கிற நேரம் அது இல்லை.) ஏப்ரல் 30 அன்று உக்ரைன் விமானப்படையே, கீவின் பேய் மக்கள் உருவாக்கிய நாயகக் கதை என்று அறிவித்து, சரிபார்க்காமல் எதையும் பரப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. பிப்ரவரியில் என் கையில் அந்த அறிவிப்பு இல்லை. பெரியவரைக் குறை சொல்லும் யோக்கியதையும் எனக்கு இல்லை. காரணம், பாம்புத் தீவு.

கருங்கடலில் உள்ள அந்தச் சிறு தீவின் காவலர்களைப் போர் தொடங்கிய அன்றே ‘மாஸ்க்வா’ என்ற ரஷ்யப் போர்க்கப்பல் ரேடியோவில் சரணடையச் சொன்னது. பதிலாக வந்தது ஒரு கெட்ட வார்த்தை. பதின்மூன்று பேரும் உயிரிழந்தார்கள், அவர்களுக்கு நாட்டின் உயரிய விருது என்று அதிபர் ஸெலன்ஸ்கியே அறிவித்தார். நான் அதைக் கும்பிடும் கையோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தொழிலே சரிபார்ப்பது, ஆனால் சரிபார்க்கத் தோன்றவில்லை. பிப்ரவரி 28 அன்று உக்ரைன் கடற்படை, அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், ரஷ்யர்களிடம் பிடிபட்டிருக்கிறார்கள் என்றது. ரேடியோ பேச்சு நிஜம், சாவுதான் பொய். தொடர்பு அறுந்துபோனதால் அப்படி நினைத்துவிட்டார்கள்.

உடனே குழுவில் திருத்தம் போட்டேன். வீரமரணச் செய்திக்கு விழுந்த கும்பிடுகளை எண்ண முடியாது. உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்திக்கு ஒரு கட்டைவிரல்கூட இல்லை. என் சொந்தக்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. தூரத்தில் இருந்து பார்க்கும்போது போர் நமக்குக் கதையாகிவிடுகிறது, கதையில் செத்தவர் எழுந்து வந்தால் சப்பென்று ஆகிவிடுகிறது. அவ்வளவுதான்.

அந்த நாட்களில் எங்களுக்கு வந்த ஃபார்வர்டுகளில் ஒன்றை மறக்க முடியாது. துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாயிடம் கையை ஓங்கிக்கொண்டு கத்துகிறாள் ஒரு சின்னப் பெண். ‘ரஷ்ய ராணுவத்தையே எதிர்க்கும் உக்ரைன் சிறுமி’ என்று தலைப்பு. அது 2012-ல் பாலஸ்தீனத்தில் எடுத்தது, எதிரே நிற்பவர் இஸ்ரேல் சிப்பாய். பார்த்தவர்களில் பெரும்பாலானோர், இந்தச் சிப்பாய் ரஷ்யரா, இந்த இடம் எது என்று கேட்கவே இல்லை. நமக்குப் பிடிக்காத பக்கத்திலிருந்து ஒரு வீடியோ வந்தால் நிழல் விழும் கோணம் வரைக்கும் ஆராய்கிறோம். பிடித்த பக்கத்திலிருந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறோம்.

உக்ரைன் மக்கள் நிஜமாகவே செய்தவற்றுக்கு எந்தக் கதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. எதிரிக்கு வழி தெரியக்கூடாது என்று சாலைப் பலகைகளைக் கழற்றினார்கள். லிவிவ் நகரத்தில் ஒரு பீர் ஆலையே பெட்ரோல் குண்டுகள் தயாரித்தது. கீவில் மெட்ரோ நிலையங்களுக்குள் குழந்தைகளோடு படுத்துக் கிடந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது, வீடுகளில் அறை வாடகைக்கு எடுக்க உதவும் ஏர்பிஎன்பி தளத்தில் நடந்த விஷயம். போகவே போகாத உக்ரைன் வீடுகளில் அறை எடுத்துக் காசு அனுப்பினார்கள். மார்ச் 2, 3 ஆகிய இரண்டே நாட்களில் 61,000-க்கும் மேற்பட்ட இரவுகள் பதிவாயின. அந்த இரக்கத்தின் பின்னாலேயே போலி நன்கொடைக் கணக்குகளும் வந்துசேர்ந்தன. உருக்கமான படம், கீழே ஒரு கிரிப்டோ முகவரி, அவசரம் என்று ஒரு வார்த்தை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காசு அனுப்பாதீர்கள்.

பொய்யைப் பகிர்வதால் வரும் கெடுதல் பலருக்குத் தெரியும். நிஜத்தைப் பகிர்வதால் வருவதுதான் யாருக்கும் உறைப்பதில்லை. படையெடுப்பு அறிவிக்கப்படும் முன்பே, பிப்ரவரி 24 அதிகாலையில், ரஷ்யாவின் பெல்கரோட் பக்கம் எல்லையை நோக்கிப் போகும் சாலையில் கூகுள் மேப்ஸ் போக்குவரத்து நெரிசல் காட்டியது. அமெரிக்க ஆய்வாளர்கள் அதை வைத்தே படை நகர்வதைக் கண்டுகொண்டார்கள். சிப்பாய்களின் போன்கள் அல்ல, படை மறித்ததால் நின்றுபோன சாதாரண வண்டிக்காரர்களின் போன்கள் காட்டிய நெரிசலாகவே அது இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. சில நாட்களில் உக்ரைனுக்குள் அந்த வசதியையே கூகுள் நிறுத்தியது.

கீவின் ‘ரெட்ரோவில்’ வணிக வளாகத்தை மார்ச் 20 இரவு ஏவுகணை தாக்கியது. குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு அந்த வளாகத்தின் அருகே ராணுவ வண்டிகள் நிற்பதை ஒருவர் டிக்டாக்கில் போட்டிருந்தார். உக்ரைனின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு அவரைப் பிடித்தது, அவர் கேமரா முன்னால் மன்னிப்புக் கேட்டார். அந்த வீடியோவால்தான் ஏவுகணை வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. படை எங்கே இருக்கிறது என்று அனுமதியின்றி வெளியிடுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்தை அதே மாதம் உக்ரைன் கொண்டுவந்தது. போட்டவர் எதிரிக்கு உதவ நினைத்திருக்கமாட்டார். “பாருங்க, நம்ம ஆளுங்க வந்துட்டாங்க” என்ற சந்தோஷம்தான் இருந்திருக்கும்.

மார்ச் மாதத்திலேயே பெரியவர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலில் கொஞ்சம் தயக்கம். ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ரஷ்யர்கள் பிடித்துவிட்ட கெர்சான் நகரத்தில், நீல மஞ்சள் கொடியோடு கூட்டம் ஒன்று ராணுவ வண்டிகளைப் பார்த்து “வீட்டுக்குப் போ” என்று கத்துகிறது. கையில் ஆயுதம் ஏதுமில்லை.

“இதுவும் கேமா தம்பி?”

அரை மணி நேரம் அவகாசம் கேட்டேன். பின்னால் தெரிந்த கட்டடத்தைச் சுதந்திரச் சதுக்கத்தின் பழைய படங்களோடு வைத்துப் பார்த்தேன். அதே நேரத்தை வேறு இரண்டு பேர் வேறு கோணத்தில் எடுத்திருந்தார்கள். கொடியைப் பிடித்திருந்தவர் மூன்றிலும் ஒரே இடத்தில் நின்றார்.

“நிஜம்தான் சார்” என்றேன்.

“அப்ப குரூப்ல போடலாம்ல?”

வீடியோவை இன்னொரு முறை ஓட்டினேன். முன்வரிசையில் நின்ற பெண்ணின் முகம் துல்லியமாகத் தெரிந்தது. ஊர் இன்னும் ரஷ்யர்கள் கையில்தான் இருந்தது, போராடியவர்களைத் தேடிப் பிடித்துப் போகிறார்கள் என்றும் தகவல் வந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அந்தப் பொண்ணுக்கு என் பேத்தி வயசு இருக்கும். சரி தம்பி, போடல” என்றார்.